ஜிப்சக் குன்றின் அடியில்

செப்ரெம்பர் 14, ஞாயிறு

இதய இரத்தக் குழாய்க்குள் கம்பிவலை வைத்து வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனையில் சொன்னார்கள்: நாளும் நடக்க வேண்டும், எங்கே நடந்தேன், மூச்சு எப்படி இருந்தது என்று எழுதி வைக்க வேண்டும். டொச்சில், ஜேர்மன் மொழியில், எழுதினால் அவர்களுக்குக் காட்டலாம். தமிழில் எழுதினால் எனக்கு மட்டும். தமிழிலேயே எழுதுகிறேன்.

இன்று நகரத்து இயற்கைக் காப்புச் சங்கத்தாரோடு முதல் நடை. இந்த லிண்டன்வெர்டரில் இத்தனை வருடம் இருந்தும் தொழிற்சாலையையும் ஆற்றையும் தவிர நான் ஒன்றையும் பார்த்ததில்லை. சங்கத்தின் தலைவி ஹாகடோர்ன் என்ற அம்மா, நாற்பது வயதிருக்கும். சிவப்பு மழைச்சட்டை போட்டுக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் எட்டி எட்டி நடக்கிறார். நிலவியல் படித்தவராம்.

தேவாலயத்துக்குப் பின்னால் நிற்கும் கிழட்டு லிண்டன் மரத்தைக் காட்டினார். பச்சைக் கரை போட்ட முக்கோணப் பலகை, நடுவில் கழுகு. அந்தப் பலகை இருந்தால் அது அரசு காக்கும் இயற்கைச் சின்னம், கிளை ஒடிக்கவும் கூடாது. மரம் உள்ளே முழுவதும் கோறையாகிவிட்டது. இரும்பு வளையம் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். என் மனைவி தவமலரும் வந்திருந்தாள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளுக்கை ஒண்டுமே இல்லை. இது எப்படியப்பா நிக்குது?" என்று கேட்டாள்.

"பழக்கத்திலை நிக்குது" என்றேன். சிரித்தாள்.

மூச்சு நன்றாக இருந்தது.

செப்ரெம்பர் 21, ஞாயிறு

ஆற்றுக்கு மேலே இருக்கும் வெள்ளைக் குன்றில் ஏறினோம். முழுக் குன்றும் காப்பகம். முட்செடிகளுக்கு நடுவே செம்மறிகள் மேய்கின்றன. பாதையை விட்டு ஒரு அடி விலகினாலும் ஹாகடோர்ன் அம்மா திரும்பிப் பார்க்கிறார். குன்றின் விளிம்பில் கல் சுண்ணாம்பு அடித்ததுபோல் பளீரென்று வெள்ளை. ஜிப்சம் என்றார். "தேநீரில் சீனி கரைவதுபோல் இது நீரில் கரையும், மெதுவாக." எல்லோரும் படம் எடுத்தார்கள்.

மேலிருந்து பார்த்தால் எங்கள் வீட்டுக் கூரை தெரிகிறது. குன்றின் அடிவாரத்தில் மூலன்ஸ்டீக் தெருவின் கடைசி வீடு, சிவப்பு ஓடு. இந்த நாட்டுக்கு வந்து வாடகை வீடு வாடகை வீடாக மாறி, போன வசந்தத்தில்தான் இதை வாங்கினோம். பக்கத்தில் நின்ற ஆளிடம், "அந்தக் கூரை" என்று காட்டப் போனேன். பிறகு பெருமை பேசுகிறான் என்று நினைப்பார் என்று விட்டுவிட்டேன்.

செப்ரெம்பர் 25

பின்னறைக்கு வெண்ணெய் நிறத்தில் வர்ணம் அடித்தேன். மகள் நிரோஜினி பிள்ளை பெற்றதும் எங்களிடம்தான் வந்து இருப்பாள். மருமகனுக்கு அடிக்கடி வெளிநாட்டுப் பயணம். ஸ்ருட்கார்ட்டில் தனியே என்ன செய்வாள்? தோட்டத்தைப் பார்த்த யன்னல், காலை வெயில் வரும். வீட்டிலேயே நல்ல அறை இதுதான்.

யன்னலின் மேல்மூலையில் மயிர் கனத்துக்கு ஒரு கோடு. பழைய வீடுகளில் இருப்பதுதான். பூசி மறைத்தேன்.

ஒக்ரோபர் 5, ஞாயிறு

காட்டுக்குள் ஒரு குளம். பேய்க்குளம் என்று ஊரார் சொல்கிறார்கள். கிணறுபோல் வட்டமாக இருக்கிறது. ஓடை உள்ளே வருவதும் இல்லை, வெளியே போவதும் இல்லை. தண்ணீர் கறுப்பும் பச்சையும் கலந்த நிறம். சுற்றிலும் பீச் மரங்கள் உள்ளே சாய்ந்து நிற்கின்றன. அடியில் இருந்த ஜிப்சம் கரைந்து குகையாகி, குகையின் கூரை ஒரு காலையில் விழுந்து உண்டான பள்ளமாம். இடையனையும் மந்தையையும் சேர்த்துக் கொண்டுபோனதாக ஒரு கதை இருக்கிறது.

"ஆட்டையும் எல்லாத்தையுமோ?" என்றாள் தவமலர்.

"கதைதானே."

"இப்பவும் இப்படி விழுமோ எண்டு அந்த அம்மாவைக் கேளுங்கோ."

கேட்டேன். ஹாகடோர்ன் அம்மா, "விழும். எங்கே, எப்போது என்று சொல்ல முடியாது. மழை கூடிய வருடங்களில் அதிகம். வீடுகளும் போயிருக்கின்றன" என்றார்.

தவமலரிடம், "இப்ப அப்படி நடக்கிறதில்லையாம்" என்றேன். மொழிபெயர்க்கும்போது எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றில்லை. அவளுக்கு ஏற்கெனவே நித்திரை குறைவு.

திரும்பி வரும்போது ஏற்றத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

ஒக்ரோபர் 12, ஞாயிறு

கிழமை முழுவதும் மழை, நடை இல்லை. பின்னறைக் கதவு நிலையில் இடிக்கிறது. ஈரத்துக்கு மரம் ஊதியிருக்கும். கழற்றி அடிப்பக்கத்தைச் சீவிப் போட்டேன்.

பூசிய கோடு திரும்ப வந்திருக்கிறது, கொஞ்சம் கீழே இறங்கி. தொழிற்சாலையில் சுவர் அசைகிறதா என்று பார்க்க வெடிப்பின் குறுக்கே ஒரு கட்டி சாந்து அப்பி வைப்பார்கள். சுவர் அசைந்தால் சாந்து உடையும். சும்மா அதைச் செய்து வைத்தேன்.

ஒக்ரோபர் 15

சாந்து உடைந்திருக்கிறது. பழைய சாந்து, அதுதான்.

ஒக்ரோபர் 17

பேத்தி! சத்திரசிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். இரண்டு பேரும் நலம். தவமலர் ரெயிலில் போய்விட்டாள். நான் வீட்டைத் துடைத்தேன்.

ஒக்ரோபர் 19, ஞாயிறு

தனியே இருக்க மனமில்லாமல் சங்கத்தாரோடு போனேன். குன்றின் மறுபக்கம் ஈரப் புல்வெளிக் காப்பகம். அங்கே ஒரு ஓடை நன்றாக ஓடி வந்து ஒரு பாறையின் அடியில் அப்படியே நிலத்துக்குள் நுழைந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ஓடை இல்லை, புல்தான். முன்பு யாரோ அதில் சாயம் கலந்து பார்த்தார்களாம். சாயம் ஆற்றங்கரை ஊற்றில் வெளிப்பட்டதாம்.

ஹாகடோர்ன் அம்மா வரைபடத்தை விரித்து ஓடை நுழையும் இடத்தையும் ஊற்றையும் பேய்க்குளத்தையும் விரலால் தொட்டுக் காட்டினார். மூன்றும் ஏறத்தாழ ஒரே கோட்டில் இருந்தன. அந்த விரல் குன்றின் அடிவாரத்தைக் கடந்து போனதை நான் பார்த்தேன்.

"இந்த வருடம் உள்ளே போகிற தண்ணீர் அதிகம். வெளியே வருவது கலங்கலாக வருகிறது. உள்ளே ஏதோ கரைந்துகொண்டிருக்கிறது" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "உங்களில் யாராவது மூலன்ஸ்டீக் பக்கம் இருக்கிறீர்களா?" என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்த்து, "ஹெர் யோகராசா, நீங்கள் எங்கே?" என்றார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், லெர்ஷன்வெக் என்றேன். முன்பு நாங்கள் வாடகைக்கு இருந்த தெரு. வாய் பழக்கத்தில் வந்துவிட்டது.

ஒக்ரோபர் 25

நாளைக்கு நிரோஜினியும் பிள்ளையும் வருகிறார்கள். பெரிய அலுமாரியைப் பின்னறைக்கு இழுத்துப் போட்டேன். யன்னல் பக்கச் சுவரில், கதவுக்குக் கிட்ட. பிள்ளையின் உடுப்புகள் வைக்க வசதி. வெடிப்பு இருந்த இடம் அதற்குப் பின்னால் போய்விட்டது. கையை வைத்தால் அதனூடாகக் குளிர் காற்று வந்தது. பிள்ளைக்குக் கூடாது. என் பழைய நீல வேலைச் சட்டையைக் கிழித்து அடைத்துவிட்டுத்தான் அலுமாரியைத் தள்ளினேன்.

அலுமாரி இழுத்ததை மருத்துவமனைக்காரரிடம் சொல்லக்கூடாது.

ஒக்ரோபர் 26, ஞாயிறு

வந்துவிட்டார்கள். பிள்ளைக்கு என் தாயாரின் நெற்றி. நிரோஜினி அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்களே அடிச்சதோ? நல்ல வடிவாக் கிடக்கு" என்றாள். எனக்குக் கண் கலங்கியது. குனிந்து பெட்டியைத் தூக்கினேன்.

நவம்பர் 3

பால் போத்தல் மேசையிலிருந்து விழுந்து யன்னல் பக்கமாக உருண்டு போனது. தவமலர் எடுத்து அறையின் நடுவே படுக்க வைத்தாள். திரும்பவும் உருண்டது.

"இதென்னப்பா, உந்தப் பக்கமே ஓடுது?"

"பழைய வீடெண்டால் நிலம் கொஞ்சம் சரிவாத்தான் இருக்கும்" என்றேன். பின்னேரம் தடித்த கம்பளம் ஒன்று வாங்கி விரித்தேன். இப்போது எதுவும் உருளாது. பிள்ளை தவழத் தொடங்கும்போதும் நல்லது.

நவம்பர் 5

நிரோஜினி கேட்டாள்: "அப்பா, சுவருக்கை என்ன சத்தம்? டொக், டொக் எண்டு."

"ஹீட்டர் குழாய், பிள்ளை. சூடாகேக்கை அப்பிடித்தான்."

அந்தச் சுவரில் குழாய் இல்லை என்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

நவம்பர் 9, ஞாயிறு

நடைக்குப் போகவில்லை. படலைக்குக் கிட்ட இலைகளைக் கூட்டிக்கொண்டு நின்றேன். நிமிர்ந்தால், ஹாகடோர்ன் அம்மா கையில் வரைபடத்தோடு தெருவில் நிற்கிறார்.

"ஹெர் யோகராசா! இது யார் வீடு?"

"ஒரு நண்பர் வீடு. இலை கூட்ட உதவிக்கு வந்தேன்."

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை அழுதது. உள்ளேயிருந்து தவமலர், "இஞ்சாருங்கோ, உந்தப் பால்மா எங்கை வைச்சனீங்கள்?" என்று கூப்பிட்டாள். ஹாகடோர்ன் அம்மாவுக்குத் தமிழ் விளங்காதுதான். ஆனாலும் வீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வேலிக்கு மேலால் தோட்டத்தைப் பார்த்தார். பின்சுவரோரம் புல் ஒரு வட்டமாகத் தாழ்ந்திருக்கிறது. மழைக்குத் தாழ்ந்தது. நானும் பார்த்திருந்தேன்.

மெதுவாகத்தான் பேசினார்: "உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். நான் இந்தத் தெருவைப் பற்றி நகரசபைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், ஆனால் அது மேசை மேசையாகப் போய் வரும். வீட்டுக்காரர் தானே அழைத்தால் அன்றைக்கே வந்து பார்ப்பார்கள். அதுவரை பின்பக்க அறையில் யாரும் படுக்க வேண்டாம். குழந்தை நிச்சயமாக வேண்டாம்."

"சொல்கிறேன்" என்றேன்.

"இன்றைக்கே சொல்லுங்கள்."

"சொல்கிறேன்."

போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

நவம்பர் 10

அழைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். தலைக்கவசம் போட்டவர்கள் வருவார்கள். கொஞ்ச நாளைக்கு வெளியே இருங்கள் என்பார்கள். ஊரில், வலிகாமத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். கொஞ்ச நாளைக்கு என்று. அடுப்பில் சோறு கிடந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் ஆமி வேலி போட்டுவிட்டான். வீடு இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

வருகிற ஞாயிறு பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள், துடக்குக் கழிக்கிறோம். ஆட்களுக்குச் சொல்லியாகிவிட்டது. பிள்ளையைக் கொண்டுபோய் விடுதி அறையில் வைத்துச் செய்ய முடியுமா? அது முடியட்டும். திங்கள் காலை அழைக்கிறேன்.

நவம்பர் 12

மழை.

நவம்பர் 13

நிரோஜினியிடம், "முன்னறையிலை படன் பிள்ளை, அங்கை சூடு கூட" என்றேன். "இஞ்சை காலமை வெயில் வருதப்பா, பிள்ளைக்கு நல்லது" என்றாள். அதற்கு மேல் வற்புறுத்தினால் ஏன் என்று கேட்பாள்.

நவம்பர் 15, சனி

மழை விட்டது. காலையில் பேய்க்குளம் வரை தனியே நடந்தேன். குளம் இல்லை.

பள்ளம் இருக்கிறது. தண்ணீர் இல்லை. அடியில் சேறு, சேற்றில் ஒரு பிளவு, மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு துடித்தன. அவ்வளவு தண்ணீரும் எங்கோ போயிருக்கிறது. காட்டில் ஒரு குருவிச் சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றேன்.

ஓடக்கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. நடந்துதான் வந்தேன். வீட்டில் தவமலர் நாளைக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். "முகம் ஏன் வெளிறிக் கிடக்கு?" என்றாள். ஏற்றம், அதுதான் என்றேன்.

நாளை ஒரு நாள்தானே.

நவம்பர் 19, புதன்

நகரசபை தந்த விடுதி அறையில் இருந்து எழுதுகிறேன். இந்தக் கொப்பி என் மேல்சட்டைப் பைக்குள் இருந்ததால் தப்பியது.

ஞாயிறு காலை. ஆட்கள் வர இன்னும் நேரம் இருந்தது. தவமலர் குசினியில் சமையலில். நிரோஜினி பிள்ளையைக் குளிக்க வார்த்துப் பின்னறைக்குக் கொண்டுபோனாள். நான் வாசலில் மாவிலைக்குப் பதிலாக ஏதோ இலையைக் கட்டிக்கொண்டிருந்தேன். லொறியில் இருந்து சல்லிக்கல் கொட்டுவதுபோல் ஒரு சத்தம். வெளியே லொறி இல்லை.

"அப்பா! கதவு திறபடுதில்லை!"

ஓடினேன். தள்ளினேன். கதவு ஒரு விரற்கடை அசைந்து நின்றுவிட்டது. அலுமாரி சரிந்து கதவுக்குக் குறுக்கே விழுந்திருந்தது. அந்த இடைவெளியால் அவளுடைய ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"பிள்ளை எங்கை?"

"கட்டிலிலை. கட்டில் அங்காலை போகுதப்பா."

வீட்டைச் சுற்றித் தோட்டத்துக்கு ஓடினேன். தாழ்ந்திருந்த புல் வட்டம் அங்கே இல்லை. அது இருந்த இடத்தில் இருட்டு. சுவரோரம் ஒரு ஆள் நிற்கும் அகலத்துக்கு மண் மிச்சம். உள்ளேயிருந்து ஈரமான, பழைய காற்று முகத்தில் அடித்தது. சுவரைக் கையால் பிடித்துக்கொண்டு போய் மண்வெட்டிப் பிடியால் யன்னலை உடைத்தேன். நிரோஜினி கட்டிலைக் காலால் தடுத்துப் பிடித்துக்கொண்டு பிள்ளையைத் துவாயோடு நீட்டினாள். வாங்கினேன். பின்னால் தவமலர் வந்து நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. பிள்ளையை அவள் கைக்கு மாற்றினேன்.

"இப்ப நீ ஏறு."

"தையல் விடுமப்பா."

"விட்டாலும் பரவாயில்லை, ஏறு!"

யன்னலால் ஏறி என் மேல் விழுந்தாள். அவளை இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தோம். அப்போதுதான் பின்சுவர் போனது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. ஒரு பெருமூச்சுப் போலத்தான். வெண்ணெய் நிற அறையை ஒரு கணம் வெளிச்சத்தில் பார்த்தேன். பிறகு அங்கே வானம் இருந்தது.

தீயணைப்புக்காரர் ஒருவர் என் தோளில் தட்டி, நீங்கள் ஒரு வீரர் என்றார். பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். நிரோஜினிக்குத் தையல் திரும்பப் போட்டார்கள். பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. ஹாகடோர்ன் அம்மா தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார். என் பக்கம் வரவில்லை.

நெஞ்சில் வலி இல்லை.

நவம்பர் 21, வெள்ளி

நிரோஜினி மருத்துவமனையில் இருந்து வந்தாள். விடுதிக் கட்டிலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அப்பா, அலுமாரி விழேக்கை பின்னாலை சுவரைப் பார்த்தனான். பெரிய வெடிப்பு. அதுக்குள்ளை ஆரோ துணி அடைச்சிருக்கினம். நீலத் துணி."

நான் தண்ணீர்க் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"அண்டைக்கு விழுந்த வெடிப்பில்லை அது. முதலே ஆருக்கோ தெரிஞ்சிருக்கு. ஆரப்பா வைச்சது?"

முன்பு இருந்தவர்களாக இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தவமலர் பேசிவிட்டாள்.

"நான்தான் வைச்சனான்."

"அம்மா?"

"காத்து வந்தது. பிள்ளைக்குக் குளிருமெண்டு வைச்சன். இவ்வளவு பெரிசா வருமெண்டு நான் கண்டனோ? அப்பாவுக்குச் சொல்லேல்லை. அவரின்ரை நெஞ்சு இருக்கிற நிலைக்கு."

நிரோஜினி தாயின் பக்கம் திரும்பினாள். "அதுக்குப் பிறகும் எங்களை அந்த அறையிலை படுக்க விட்டனீங்கள்" என்றாள். குரல் உயரவே இல்லை. பிறகு முகம் கழுவ எழுந்தாள். தவமலர் பிள்ளைக்குக் கை நீட்டினாள். நிரோஜினி அவளைத் தாண்டி வந்து பிள்ளையை என்னிடம் தந்தாள்.

நான் வாங்கிக்கொண்டேன்.

பின்னேரம் நிரோஜினி மருந்துக்கடைக்குப் போன நேரம் தவமலரிடம், "ஏன் அப்படிச் சொன்னனீ?" என்று கேட்டேன். அவள் நனைந்த உடுப்புகளைப் பிழிந்து கதிரைகளில் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அவள் உங்களைப் பார்த்த பார்வையிலை நீங்கள் விழுந்திடுவியள் எண்டு பயந்திட்டன்."

"உனக்கு எப்பவிருந்து தெரியும்?"

"எனக்கும் கொஞ்சம் டொச் விளங்கும். அண்டைக்குக் குளத்தடியிலை அந்த மனிசி சொன்னது எனக்கும் விளங்கினது. நீங்கள் இல்லையாம் எண்டு சொன்னியள். எனக்கு நீங்கள் சொன்னதை நம்பத்தான் விருப்பமாக் கிடந்தது. எனக்கும் அந்த வீடு வேணுமாயிருந்தது." ஒரு சட்டையை உதறினாள். "ஆனா குளம் வத்தினது எனக்குத் தெரியாது. நேற்று அந்த மனிசி வந்து சொல்லித்தான் தெரியும். சனிக்கிழமை காலமை உங்களை அந்தப் பாதையிலை கண்டவவாம்."

அடுத்த சட்டையை எடுத்துப் பிழிந்தாள்.

"பலகாரம் சுட்டுக்கொண்டு நிண்டனான். என்னட்டை வந்து ஏற்றம் எண்டு சொன்னியள்."

பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "நான் சொன்னதை நான் மாத்திச் சொல்ல மாட்டன். மாத்துறதெண்டால் நீங்கள்தான் மாத்த வேணும்" என்றாள்.

நவம்பர் 22

நிரோஜினி தாயோடு கதைக்கவில்லை. இரண்டு முறை தொடங்கினேன். முதல் முறை பிள்ளை அழுதது. இரண்டாம் முறை அவள் களைத்திருந்தாள்.

நவம்பர் 23, ஞாயிறு

மருமகன் காரோடு வந்தார். நிரோஜினி என் கையைப் பிடித்து, "அப்பா, நீங்கள் எங்களோடை வாங்கோ. இந்த அறையிலை இருந்தால் உங்களுக்கு வருத்தம் கூடும். அம்மா இஞ்சத்தை அலுவலுகளை முடிச்சிட்டுப் பிறகு வரட்டும்" என்றாள். பிறகு எப்போது என்று சொல்லவில்லை.

தவமலர் விடுதி வாசற்படியில் நின்றாள். என் மருந்துப் பையை அடுக்கி வைத்திருந்தாள். கார்க் கதவுக்கு வந்து என் மடியில் வைத்தாள்.

"காலமை ரெண்டு, இரவு ஒண்டு. சாப்பிட்ட பிறகு."

"ஓம்."

அவள் உடனே போகவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் ஏதாவது சொல்லப் போகிறாள் என்று நான் பார்த்தேன். நான் ஏதாவது சொல்வேன் என்று அவள் நின்றிருக்கிறாள். இதை எழுதும்போதுதான் அது விளங்குகிறது. முன் இருக்கையில் நிரோஜினி திரும்பியே பார்க்கவில்லை. மருமகன், "வெளிக்கிடுவமே மாமா?" என்று கேட்டார்.

தவமலர் கையை எடுத்தாள். கதவை நான்தான் சாத்தினேன்.